பழைய வீட்டின் பலகை நிலம்

சாணத்தால் மெழுகிய திண்ணையிலும் சீமெந்து நிலத்திலும் நடந்து வளர்ந்த யாழ்ப்பாணத்தவர்க்குப் பலகை நிலம் என்பது புதுமையானதொன்று. நாமும் மலைநாட்டுக்கு வரும்வரை பலகையைக் கதவிலும் கட்டிலிலும் கண்டோமேயன்றிக் காலின்கீழ்க் கண்டதில்லை. பண்டாரவளை, நுவரெலியா, ஹற்றன் முதலிய ஊர்களில் ஆங்கிலேயர் காலத்தில் எழுந்த பழைய வீடுகள் சிலவற்றிற் கீழ்த்தளமே பலகையால் ஆனது. தாழ்ந்த கற்சுவர்களின்மேல் தீராந்தி என்னும் தாங்குமரங்களை வரிசையாகக் கிடத்தி, அவற்றின்மேற் பலகைகளை நெருக்கி அடுக்கி ஆணி அறைந்திருப்பார்கள். பலகைக்கும் மண்ணுக்கும் இடையே ஒருவர் தவழ்ந்து செல்லுமளவு வெளி இருக்கும். அவ்வெளியிற் காற்று உலாவும் பொருட்டு வெளிச்சுவரின் அடியிற் சிறு துவாரங்கள் விட்டிருப்பார்கள். இத்துவாரங்களைப் பற்றிப் பின்னர் நிரம்பச் சொல்லவேண்டியிருக்கிறது.

பலகையின் அருமை குளிர்காலத்து விடியலில் வெறுங்காலோடு எழுந்து நடப்பவர்க்கே விளங்கும். ஒரே அறையிற் கிடக்கும் பலகையும் டைலும் ஒரே வெப்பநிலையிலேயே இருக்கின்றன; வெப்பமானியை வைத்துப் பார்த்தாற் பேதமில்லை. ஆயினும் டைல் காலின் சூட்டை விரைந்து இழுத்துக்கொள்கிறது. மரமோ மெல்ல மெல்லவே வாங்குகிறது. இதனை விளக்க விஞ்ஞான ஆசிரியர் பாடநூலைத் திறக்கவேண்டியதில்லை. மார்கழி மாதத்து விடியலில் மாணவனை இருவகை நிலத்திலும் ஒருமுறை நிற்கவைத்தாற் போதும்.

நாம் ஆசிரியப் பணியின் பொருட்டுப் பண்டாரவளைக்கு வந்து பதினொரு ஆண்டுகளாகின்றன. நான்கு ஆண்டுகளின்முன் கடன்பட்டு வாங்கிய எமது வீடு இத்தகைய பழைய வீடுகளுள் ஒன்று. கூடமும் நடையும் மூன்று அறைகளும் தேக்கம் பலகை. அடுக்களை மட்டும் சீமெந்து. எண்பதை அணுகும் எம் தாயாரும் எம்முடன் வசிக்கிறார். அவருக்கு நெடுநாளாய் நீரிழிவு. அந்நோயினாற் பாதங்களில் உணர்ச்சி குன்றிவிட்டது.

சென்ற ஆண்டு வைகாசியில் ஒருநாட் காலை நடையிற் சிறு சிறு இரத்தத் துளிகள் வரிசையாகக் கிடந்தன. தேடிப் பார்த்தபோது, தாயாரின் குதிக்காலில் ஓரங்குல நீளமான சிராம்பு ஏறியிருந்தது. அவருக்கோ அது குத்தியதே தெரியாது. நீரிழிவுள்ளவர்க்குக் காலில் ஏற்படும் சிறு புண்ணும் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை வாசகர் அறிவர். புண் ஆற ஐந்து வாரம் சென்றது. அந்த ஐந்து வாரமும் எம் வீட்டில் எவரும் நிம்மதியாக உறங்கினாரல்லர்.

டாக்டர், வீட்டினுள்ளும் வெறுங்காலோடு நடத்தலாகாது என்று கண்டிப்பாகச் சொன்னார். மெல்லிய அடியுள்ள செருப்பொன்று வாங்கினோம். கூடத்திலும் நடையிலும் அதை அணியத் தாயார் ஒருவாறு இசைந்தார். ஆனாற் சுவாமி அறை வாயிலில் அது கழன்றுவிடும். "சாமி அறைக்கை செருப்போடை போறதோ தம்பி? உது நடக்காது" என்று ஒரே பேச்சாக முடித்துவிட்டார். காலையும் மாலையும் அங்கே வெறுங்காலுடன் நின்று, நிலத்தில் நெற்றி பட வணங்கி, கையூன்றி எழுவது அவர் வழக்கம். எனவே எட்டடிச் சதுரமான அந்த அறையின் நிலமே எமக்கு எல்லாவற்றிலும் பெரிய கேள்வியாயிற்று.

கொழும்பிலிருந்து வந்த அத்தான், எல்லாவற்றையும் உடைத்தெறிந்து, மண் நிரப்பி, கொங்கிறீற்று இட்டு, டைல் பதிக்குமாறு சொன்னார். அவர் கட்டடத் தொழில் அறிந்தவர். அவர் சொன்னதில் நியாயமும் உண்டு. ஆனால் தாயாரின் முழங்கால்கள் குளிரைத் தாங்கமாட்டா. அடுக்களைச் சீமெந்திலே ஐந்து நிமிடம் நின்றால் அன்றிரவு முழுவதும் கால் உளைவு. மேலும் எமது கடன் இன்னும் அடைந்து முடியவில்லை. பலகையைத் திருத்துவது என்று தீர்மானித்தோம்.

இந்நாட்டிலே தச்சரையும் கொத்தரையும் 'பாஸ்' என்று அழைக்கும் வழக்கம் ஒல்லாந்தர் விட்டுச் சென்றது. அவர் மொழியில் அச்சொல்லுக்குத் தலைவன் என்பது பொருள். எமக்கு வாய்த்த பாஸ் அப்பெயருக்கு முற்றும் தகுதியானவர். அறுபது வயதைக் கடந்தவர். தோட்டத்து வீடுகளின் பலகை நிலங்களிற் பாதி ஆயுளைக் கழித்தவர். கூடத்தில் நின்று பலகையைக் காட்டத் தொடங்கிய எம்மைத் தடுத்து, "மேலே பாக்கிறது அப்புறம் சேர். முதல்லே கீழே பாப்போம்" என்று சொல்லி, டோர்ச் விளக்குடன் வீட்டின் பின்புறமாக நிலத்தின்கீழ் நுழைந்துவிட்டார்.

முக்கால் மணிநேரம் கழித்து ஒட்டடையும் மண்ணுமாக வெளியே வந்தவர், வெளிச்சுவரைச் சுற்றி நடந்து துவாரங்களை எண்ணினார். பதினொரு துவாரங்களில் எட்டைச் சீமெந்து பூசி அடைத்திருந்தார்கள். எலி வருமென்றோ குளிர் ஏறுமென்றோ முன்னர் இருந்தவர்கள் செய்த வேலை அது. காற்று அற்ற அவ்வெளியில் மண்ணின் ஈரம் ஏறி ஏறிப் பலகையின் அடிப்பக்கத்தில் ஊறியிருக்கிறது. மரத்தின் ஈரம் நூற்றுக்கு இருபது பங்கைத் தாண்டாதிருக்கும் வரையில் அதை உக்கச் செய்யும் பூஞ்சணம் வளராது. அவ்வெல்லையைத் தாண்டி நெடுநாள் நின்றாலோ எந்த மெழுகும் வார்னிஷும் காப்பாற்றமாட்டா. மேற்பரப்பிற் கண்ட குறைக்குக் காரணம் மேற்பரப்பில் இல்லை.

இன்னொன்றையும் அவர் காட்டினார். ஒரு நேர்ச்சட்டத்தைப் பலகைக்குக் குறுக்கே வைத்துப் பார்க்கையில், ஒவ்வொரு பலகையும் இரு ஓரமும் உயர்ந்து நடு தாழ்ந்து, மல்லாந்த ஓடுபோல் இருந்தது. மரம் ஈரத்தாற் பருப்பது அகலத்திலேதான். நீளத்தில் அது பெரும்பாலும் மாறுவதில்லை. அடிப்பக்கம் நனைந்து பருக்க, மேற்பக்கம் காய்ந்து சுருங்க, பலகை இவ்வாறு குவிந்துவிடுகிறது. அந்த உயர்ந்த ஓரங்களே காலில் இடறித் தேய்ந்து சிராம்பெடுத்தவை.

அப்படியாயின் அவ்வோரங்களை உடனே சீவிவிட்டால் என்ன? பலரும் அதையே செய்கிறார்களாம். சீவிய அன்று நிலம் கண்ணாடிபோல் இருக்கும். பின்னர் அடிப்பக்கம் காயுந்தோறும் பலகை தன் பழைய வடிவுக்குத் திரும்ப, ஓரம் இழந்த பலகைகள் ஒவ்வொன்றும் நடுவிலே முதுகு புடைத்து நிற்கும். அதை மறுபடி சீவ வேண்டும். பலகையின் தடிப்பு முழுவதும் நமக்கு உரியதன்று. ஒரு பலகையின் ஓரத்து நாக்கு அடுத்த பலகையின் காடியினுட் புகுந்து பிடித்திருக்கிறது. அந்த நாக்கின்மேல் உள்ள மரந்தான் தேய்வதற்கென்று உள்ளது. ஓரங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த பலகையில் அது ஏறத்தாழ இரண்டு நூல். ஒருமுறை முழு நிலத்தையும் இயந்திரத்தால் அராவினாற் கால் நூல் போய்விடும். எமக்கு முன் எத்தனைபேர் அராவினார்களோ! பாஸ் ஓரிடத்திற் பலகையைக் கழற்றி அளந்தபோது ஒரு நூலே எஞ்சியிருந்தது. அதை இருமுறை செலவழிக்க நாம் விரும்பவில்லை.

ஆதலின் முதல் வேலை ஒரு வேலையும் செய்யாதிருத்தல். அடைத்த எட்டுத் துவாரங்களையும் உடைத்துத் திறந்து, எலி புகாதவாறு நெருங்கிய கம்பிவலை பொருத்தினார்கள். கூரைநீர் சுவரடியில் விழாமற் பீலியைத் திருத்தினோம். பின்னர் காத்திருந்தோம். தாயார் நடக்கும் வழியில் மட்டும், உயர்ந்த ஓரங்களைக் கையால் மெல்ல வழித்து, தடித்த பாயைப் பரப்பி அதன் ஓரங்களை இடறாதவாறு பிணைத்துவிட்டோம்.

ஊவாவில் இக்காத்திருப்புக்கு ஏற்ற காலம் ஒன்று உண்டு. மலையின் மேற்குப் பக்கத்திற் பெருமழையைக் கொட்டிவிட்டு, ஆடி ஆவணியில் வரண்ட காற்றாய் இப்பக்கம் இறங்குகிறது கச்சான். ஊவாத் தேயிலைக்குத் தனிமணம் தருவது அக்காற்றே. அவ்வாண்டு அது எமது நிலத்தின் அடியிலும் புகுந்து வேலை செய்தது. வாரந்தோறும் அதே சட்டத்தை அதே மூன்று இடங்களில் வைத்துப் பார்த்தோம். ஆனி முடிவிற் சட்டத்தின்கீழ் ஒரு ரூபா நாணயம் நுழைந்தது. ஆவணி நடுவிற் கடதாசி மட்டுமே நுழைந்தது. பல பலகைகள் தாமாகவே மட்டமாயின. அதுவரை பொறுத்திருந்த பாஸ் அதன்பின்னரே கருவிப் பெட்டியுடன் வந்தார். எமக்கும் தவணை விடுமுறை தொடங்கியிருந்தது.

சுவாமி அறையில் இரண்டும் நடையில் ஒன்றுமாக மூன்று பலகைகள் திருத்தத்துக்கு அப்பாற்பட்டவை. தேக்கின் வைரத்தைக் கறையான் எளிதிற் தீண்டாது. ஆனால் வைரத்தைச் சூழ்ந்த வெளிறு அதற்கு நல்ல உணவு. இம்மூன்றும் வெளிறு கலந்த பலகைகள். அவற்றின் இடத்துக்குப் புதுத் தேக்கு வாங்குவோம் என்றோம். பாஸ் சிரித்தார். "புதுப் பலகை போட்டா ஒட்டுப் போட்ட சட்டை மாதிரி தெரியும் சேர். உங்க அலுமாரியை நகத்துங்க" என்றார்.

எமது படுக்கை அறையிற் சுவரோடு ஒட்டிப் பெரிய அலுமாரி ஒன்று நிற்கிறது. அதன் அடியிற் கிடந்த பலகைகள் அதே மரம், அதே வயது. கால் படாமையால் தேயாதவை. சுவரோரச் சட்டத்தைக் கழற்றி, ஓரத்துப் பலகையிலிருந்து தொடங்கி, நாக்கு முறியாமல் மூன்று பலகைகளை முழுதாக எடுத்தார். சுவாமி அறையில் உக்கிய பலகைகளை எடுத்த முறையோ வேறு. அவை நடுவிலே கிடந்தமையால், பலகையின் மத்தியில் நீளத்துக்கு இரு கோடுகள் அறுத்து, நடுத்துண்டை முதலில் நீக்கி, எஞ்சிய ஓரங்களை உட்புறமாக இழுத்தெடுத்தார். அயற் பலகைகளில் ஒரு கீறலும் விழவில்லை. புதிதாக இடும் பலகையின் காடிக்கு மேலுதடு கீழுதடு என இரண்டு உண்டு. கீழுதட்டை உளியால் நீக்கிவிட்டால், நாக்கை ஒருபுறம் செருகி, மறுபுறத்தை மேலிருந்து அமுக்கிப் பொருத்திவிடலாம். அவர் அமுக்கியபோது எழுந்த சிறு ஓசையைக் கேட்ட எம் இளைய மகன், பெட்டி மூடுவது போலிருக்கிறது என்றான்.

அலுமாரியின் கீழ் உண்டான வெற்றிடத்துக்குப் பலாப் பலகை போதுமாயிற்று. பலாமரத்தை வேண்டியவாறு தறிக்க இந்நாட்டிற் சட்டம் இடந்தருவதில்லை. 1951ஆம் ஆண்டிலேயே அதற்குக் கட்டுப்பாடு வந்துவிட்டது. எனவே மரக்காலையில் உரிய அனுமதியோடு வந்த பலகையையே கேட்டு வாங்கினோம். வாங்கியதை உடனே பொருத்தாமல், இடையிடையே சிறு குச்சி வைத்து அடுக்கி, மூன்று வாரம் அந்த அறையிலேயே கிடக்கவிட்டார். மரம் தான் வாழப்போகும் அறையின் காற்றோடு முதலிற் பழக வேண்டுமாம்.

ஆணிகளை ஒரு நூல் ஆழத்துக்கு உட்செலுத்தும் வேலையை எமக்கும் மகனுக்கும் தந்தார். ஓர் ஆணித்தலை எஞ்சினாலும் அரத்தாளைக் கிழிக்கும். அதைவிடக் காலையும் கிழிக்கும். இரண்டு நாளில் எண்ணூறுக்கு மேற்பட்ட ஆணிகள்! பலகைகளிடையே உள்ள இடுக்குகளை மரத்தூளும் பசையும் குழைத்து அடைக்கலாமா என்றதற்கு, வேண்டாம் என்றார். மழைக்காலத்திற் பலகை பருத்து அப்பசையை நசுக்கும். வெயிற்காலத்தில் அது உதிர்ந்து குப்பையாகும். மிக அகன்ற இடுக்குகளுக்கு மட்டும் தேக்குச் சலாகையைச் சீவி, ஒரு பக்கத்துக்கு மாத்திரம் பசையிட்டுச் செருகினார். மறுபக்கம் பலகை அசைவதற்கு விடப்பட்டது.

கிறீச்சிடும் பலகைகளை, அடியிலிருந்து தீராந்திக்கும் பலகைக்கும் இடையே மெல்லிய ஆப்பு வைத்து அடக்கினார். யப்பானிலே கியோட்டோ நகரின் நிஜோ கோட்டையில், நடக்குந்தோறும் பறவைபோல் ஒலிக்கும் பலகை நிலம் ஒன்று பெயர்பெற்றது. பலகையின் அடியிலுள்ள இரும்புப் பிடிகள் ஆணியோடு உராய்வதால் அவ்வொலி எழுகிறது. எமக்குக் கோட்டையுமில்லை, பகைவருமில்லை. ஆயினும் தாயாரின் அறைவாசலில் உள்ள ஒரு பலகையை மட்டும் தொடவேண்டாம் என்று பாஸிடம் கேட்டுக்கொண்டோம். அவர் இரவில் எழுந்து வெளியே வந்தால் எமக்கு விழிப்பு வரவேண்டும். காரணத்தைத் தாயாருக்குச் சொல்லவில்லை.

அராவுவதிற் சிக்கனம் காட்டினோம். சுவாமி அறையிலும் நடையிலும் மட்டும் அறுபதாம் இலக்கத்து அரத்தாளில் தொடங்கி, நூறு, நூற்றிருபது என்று மரத்தின் ரேகை வழியே சென்றோம். மின்னியந்திரம் நடுவுக்கு, ஓரமும் மூலையும் கைக்கு. கூடத்தின் சன்னலருகே, எவரோ பல்லாண்டு நாற்காலி இட்டு அமர்ந்த இடத்தில், நான்கு சிறு குழிகள் உண்டு. அவற்றை மட்டமாக்க வேண்டுமாயின் அறை முழுவதிலும் எஞ்சிய ஒரு நூலையும் அராவித் தள்ளவேண்டும். குழிகள் வழுவழுப்பானவை, காலைக் குத்துவதில்லை. இருந்துபோகட்டும் என்று விட்டோம். ஆணியைச் சுற்றி நீர்பட்டுக் கறுத்த வட்டங்களையும் அவ்வாறே விட்டோம். அழகு கருதி அவற்றைப் போக்க விரும்புவோர்க்கு ஒக்சாலிக் அமிலக் கரைசல் உண்டு. ஆனால் அது நஞ்சு, பின்னர் நன்கு கழுவித் துடைக்கவும் வேண்டும்.

பூச்சு எது என்பதிலே வீட்டில் வாக்குவாதம் நடந்தது. இல்லாள் மினுங்கும் பொலியூரித்தேன் வார்னிஷை விரும்பினார். துடைப்பது எளிது, பல ஆண்டு நிலைக்கும் என்பது அவர் கட்சி, அது உண்மையுமாகும். ஆனால் அது மரத்தின்மேற் கிடக்கும் ஒரு தோல். ஓரிடத்தில் உரிந்தால், அவ்விடத்தை மட்டும் ஒட்டுத் தெரியாமற் பூசுதல் அரிது. மறுபடி முழுவதையும் அராவ வேண்டிவரும். எமது ஒரு நூல் அதற்குப் போதாது. அரக்கு மெருகு நீர் பட்டால் வெளுத்துவிடும். சுவாமி அறையிற் கும்பத்து நீர் சிந்தாத நாளில்லை. மெழுகு மட்டும் தேய்த்தாற் காலை வழுக்கும். முதியவர் உள்ள வீட்டில் அது சிராம்பைவிடக் கொடியது. ஈற்றில் ஆளிவிதை எண்ணெயை, விரைந்து உலரும்படி பதப்படுத்தியதை, வென்றது என்று சொல்லலாம். தேக்கு தானே எண்ணெய்ப் பற்றுள்ள மரமாதலின், முதலிற் சாராயத் திராவகம் தோய்ந்த துணியால் மேற்பரப்பைத் துடைத்தார். பின் மிக மெல்லிதாக எண்ணெய் பூசி, கால்மணி நேரத்தில் மிகுதியைத் துடைத்தெடுத்து, இரண்டு நாள் காயவிட்டு, இவ்வாறு மூன்று முறை. அதன்மேல், காய்ந்த பொச்சுமட்டையைக் காலின்கீழ் வைத்து மகன் தேய்த்த தேய்ப்பில், மரம் மினுங்காமலே ஒளி பெற்றது.

இதில் ஓர் அபாயம் உண்டு. இதை வாசிப்போர் வேறெதை மறந்தாலும் இதை மறக்கலாகாது. ஆளிவிதை எண்ணெய் காய்வது நீர்போல் ஆவியாவதன்று. காற்றின் பிராணவாயுவோடு சேர்ந்து இறுகுகிறது. அப்போது வெப்பம் பிறக்கிறது. எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் எறிந்தால், அவ்வெப்பம் வெளியேற வழியின்றிப் பெருகி, தீக்குச்சி இன்றியே துணி தீப்பற்றும். பாஸ் ஒவ்வொரு துணியையும் நீரில் நனைத்து, முற்றத்துக் கொடியில் விரித்துக் காயவைத்தபின்னரே வீடு சென்றார்.

எண்ணெய் மணம் போகும்வரை சுவாமி படங்கள் கூடத்துக்கும், தாயார் பின்னறைக்கும் இடம் மாறினர். ஐப்பசி மழை தொடங்கியதும் இடுக்குகள் மூடிக்கொண்டன. பலகைகளின் ஓரங்கள் உயரவில்லை. துடைப்பதற்குச் சொட்டும் துணி எடுக்காமல், பிழிந்த துணியையே எடுக்குமாறு இல்லாள் வேலைக்கு வரும் பெண்ணுக்குப் பழக்கியிருக்கிறார். இவ்வாண்டு ஆனியிற் சுவாமி அறை வாயிலில் மட்டும் நிறம் மங்கிற்று. அரைமணி நேரத்தில் ஒரு பூச்சு எண்ணெயோடு அது சரியாயிற்று. தாயாரின் பாதங்களை இரவுதோறும் விளக்கொளியிற் பார்த்தே உறங்கவிடுகிறோம். வாசற் பலகையும் தன் கடமையைச் செய்து வருகிறது.

கூடத்தின் ஓரத்தைச் சுற்றி ஒன்றரை அடி அகலத்துக்குக் கரும்பழுப்புப் பெயின்ற் பூசிய பட்டை ஒன்று இன்னும் எஞ்சியிருக்கிறது. நடுவிற் கம்பளம் விரித்த காலத்து வழக்கம் அது. பழைய பெயின்றிலே ஈயம் கலந்திருக்கக்கூடும். அதை உலர அராவித் தூசியாக்கினாற் பிள்ளைகளுக்குத் தீங்கு. நனைத்து நனைத்துக் கையாற் சுரண்ட வேண்டும். அதற்குப் பத்து நாளாவது பிடிக்கும் என்று பாஸ் சொல்லியிருக்கிறார். அடுத்த தவணை விடுமுறைக்கு அவரை இப்போதே கேட்டு வைத்திருக்கிறோம்.